ஆர்வில் முதுகில் இருந்த கை

காலை ஐந்து மணி இருபது. ஜனவரி மாதம். நம் வேலைத் தளத்துக்குப் போகும் அந்த இருபத்தாறு மைல் சாலை இருக்கிறதே... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் புதர்க்காடு. அதில் ஒரே ஒரு பிக்கப் வண்டி. ஓட்டுகிறவள் லவோன். பக்கத்தில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவன் அவள் புருஷன் ஆர்வில்.

கதையை நிறுத்திவிட்டு, எங்கள் ஓய்வு டிரெய்லரின் மூலையில் இருந்த பையனை அதட்டினேன். “கர்ட், அந்த ஹீட்டரைப் போட்டுத் தட்டாதடா. அது செத்துப் போச்சு. காத்து அடங்குற வரைக்கும் வெளியில வேலையும் கிடையாது, கரண்டும் கிடையாது. இப்படிக் கிட்ட வந்து உக்காரு.”

“இது உங்களுக்கு நடந்ததா?” என்றான் அவன்.

“எனக்கு நடந்திருந்தா நான் இங்க உக்காந்து பேசிட்டு இருப்பேனா? லவோன் என் சிநேகிதி டார்லாவோட தங்கச்சி. டார்லா பொய் சொல்ல மாட்டா. சீட்டாடும்போது மட்டும் சொல்லுவா.”

பதினோராவது மைல்கல் வந்தது. ஆர்வில் தானாக விழித்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அரை மைல் போனதும் மறுபடி மாட்டிக்கொண்டான். அது ஜூவெல் செத்த இடம். அக்டோபரில், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறாள்... குறுக்கே ஒரு பெரிய எல்க் மான். மான் நொண்டிக்கொண்டே போய்விட்டது. ஜூவெல் போகவில்லை.

தொப்பியைப் பார்த்ததுமே லவோனுக்கு வயிறு பற்றி எரிந்தது. பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில்கூட இந்த மனுஷன் அவளுக்காகத் தொப்பியைக் கழற்றியது கிடையாது.

ஜூவெல் ஆர்விலின் வேலைக் கூட்டாளி. நம் வேலையில் கூட்டாளி என்றால் சும்மா இல்லை. உடம்பு முழுக்க மூடும் வெள்ளைக் காப்பு உடைக்குள் ஏற்றி விடுவது, கையுறைக்கும் பூட்சுக்கும் மஞ்சள் டேப் சுற்றுவது, முகமூடி வாரை இறுக்குவது எல்லாம் அவர்தான். வெளியே வரும்போது உரிப்பதும் அவர்தான். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி உடையைச் சுருட்டிச் சுருட்டி, தோலில் ஒரு தூசி படாமல், தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும்... கட்டிய பெண்டாட்டி எத்தனை பேர் புருஷனை அவ்வளவு பொறுமையாகத் தொடுகிறார்கள்? ஏழு வருஷம் ஆர்விலை அப்படித் தொட்டவள் ஜூவெல். ஆறடி உயரம். அவள் சிரித்தால் இந்த டிரெய்லர் ஆடும். இருவருக்கும் நடுவில் தப்பாக ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“அப்புறம் எதுக்கு வயித்தெரிச்சல்?” என்று கேட்டான் கர்ட்.

“நீ கல்யாணமே பண்ணிக்காதடா, நல்லா இருப்பே. என் முதல் புருஷன் வீட்டுக்கு வந்ததும் நாய்கிட்டதான் முதல்ல பேசுவான். அந்த நாய் செத்தப்ப நான் அழல. அப்பத்தான் எனக்கே என்னைப் பத்தித் தெரிஞ்சுது.”

லவோனும் பயிற்சி முடித்தவள்தான், வேறு கட்டடத்தில் இருந்தாள். ஜூவெல் போன பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஜனவரியில் புருஷனுக்கே கூட்டாளியாக வந்தாள், அதுவரை கூட்டாளி இல்லாமல் ஆர்வில் உள்ளே போகவில்லை. இனி அவனைத் தொடுகிற கை என் கையாக இருக்கட்டும் என்று அக்காள் டார்லாவிடம் வெளிப்படையாகவே சொன்னாளாம்.

அவர்கள் வேலை செய்தது அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை முப்பது வருஷம் கையாண்ட கூடத்தில். ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டிகள். அவற்றை வெட்டித் துண்டாக்கிப் பீப்பாயில் அடைக்க வேண்டும். அவற்றில் ஒட்டிய தூசி கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. உள்ளே நின்று முகமூடியை ஒரே ஒரு மூச்சு நேரம் தூக்கினால் போதும். நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிடும், பிறகு காலி பண்ணாது.

முதல் இரண்டு நாள் உடுத்தப் பழகுவதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் உள்ளே போகிற முறை. லவோன் முகமூடி வாரை இறுக்கினாள். ஆர்வில் சடாரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. மூச்சு... ஹக், ஹக், ஹக் என்று. நாய் இரைக்கிற மாதிரி.

கதவருகே கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு நின்ற ஹார்லன் அதைப் பார்த்துவிட்டான்.

“முதுகுல கைய வை, லவோன். நடு முதுகுல. அழுத்தி வச்சா சரியாயிடுவான். ஜூவெல் அப்படித்தான் வைப்பா.”

வைத்தாள். மூச்சு மெல்ல அடங்கியது. ஆனால் அவளுக்கு உள்ளே கொதித்தது. ஆர்விலுக்கு முகமூடி என்றால் பயம். ஏழு வருஷமாகப் பயம். ஹார்லனுக்குத் தெரியும், அந்தக் கூடத்தில் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அன்று இரவு உருளைக்கிழங்கு கிண்ணத்தை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? அவளுக்கும் நான் சொல்லல. அவளாவே கண்டுபிடிச்சா.”

அவ்வளவுதான் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், பாவி. அவளாகவே கண்டுபிடித்தாளாம்! பத்தொன்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள் கண்டுபிடிக்கவில்லையாம். லவோன் அன்று ராத்திரியே தீர்மானம் பண்ணிவிட்டாள். அந்தக் கையை இனி அவன் முதுகில் வைப்பதில்லை. இன்னொருத்தி விட்டுப்போன வித்தையை வைத்து நான் இவனுக்குப் பெண்டாட்டியாக வேண்டாம்... பழகட்டும், தானாகப் பழகட்டும் என்று.

பொறாமை பிடித்தவள் யோசிக்கிற யோசனை அது. எனக்குத் தெரியும், நானும் யோசித்திருக்கிறேன்.

மறுநாள். முகமூடி மாட்டினாள். அவன் முதுகைக் காட்டியபடி நின்றான். காத்திருந்தான். அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தாள். ஆர்வில் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு உள்ளே போனான்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அவள் பெட்டியின் இந்தப் பக்கம் ரம்பத்தோடு. அவன் அந்தப் பக்கம், துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு. நடுவில் பத்தடி. ரம்பம் கிரீச்... நிற்கும்... மறுபடி கிரீச்... காதுக்குள் தன் மூச்சு மட்டும்.

தலையை நிமிர்த்தினாள். ஆர்விலின் கை முகமூடி வாருக்குப் போயிருந்தது.

விரல் கொக்கியைத் தேடுகிறது. கத்தினாள். முகமூடிக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? ரம்பத்தைக் கீழே போட்டாள். ஓட முடியாது, அந்த பூட்சில் நடப்பதே தத்தித் தத்தித்தான். பத்தடி. கொக்கி அவன் விரலில் மாட்டிவிட்டது. தாடைப் பக்கம் ரப்பர் மேலே எழும்புவதைப் பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டேன், நான்தான் கொன்றேன் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அப்போது... அவன் கை நின்றது.

நின்றது. மெல்ல இறங்கியது. தூக்கிய தோள் இரண்டும் தளர்ந்தன. தலையை ஒரு முறை ஆட்டினான், சரி சரி என்கிற மாதிரி. லவோன் அதற்குள் பெட்டியைச் சுற்றி அவன் பின்னால் வந்துவிட்டாள்.

வெள்ளை உடை முதுகில் தொளதொள என்று உப்பி நிற்கும், உங்களுக்குத் தெரியும். நடுவில் ஓர் இடம் மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. உள்ளங்கை. விரித்த ஐந்து விரல். அவன் மூச்சு விட விட அந்தப் பள்ளமும் கூடவே ஏறி இறங்கியது. அங்கே யாரும் இல்லை.

அவள் கையை நீட்டினாள். தொட முடியவில்லையாம். பயத்தினால் இல்லை என்று டார்லாவிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள். ஒரு வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற மாதிரி இருந்ததாம். தன் புருஷன் முதுகைத் தொட, அவளுக்கு!

வெளியே வந்தார்கள். டேப்பை இழுத்தாள், சர்ர்ர் என்று. உடையைச் சுருட்டி இறக்கினாள். ஆர்வில் கோட்டைத் தாண்டிச் சுத்தப் பக்கத்தில் கால் வைத்தான், முகமூடியைக் கழற்றினான். முகம் முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

“காலைல கை வைக்காம போனியே, கோபமோன்னு நினைச்சேன். உள்ள வந்து வச்சே பாரு... கையையே எடுக்கல நீ. தேங்க்ஸ், லவோன்.”

கல்யாண நாளில்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“பின்ன, நான் இல்லாம யாரு வைப்பா?” என்றாள்.

ஹார்லன் கருவியை அவன் மேல் நகர்த்த ஆரம்பித்தான். கை... டிக்... டிக். மார்பு... டிக். சுத்தம். திரும்பச் சொன்னான். முதுகுக்குப் போனதும் டிக்டிக்டிக்டிக் என்று மழை மாதிரி கொட்டியது. நகர்த்தினால் நின்றது. திரும்பக் கொண்டுவந்தால் கொட்டியது. பனியனில் எங்கெங்கே சத்தம் தொடங்கி நிற்கிறதோ அந்த விளிம்பிலெல்லாம் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனான். இருபது புள்ளி. முப்பது புள்ளி. பிறகு புள்ளிகளைச் சேர்த்தான்.

ஒரு கை. பெரிய கை. நீள விரல்.

“உடைக்கு உள்ள இருக்கு. பனியன் மேல. யாரோ அழுக்குக் கையை உள்ள விட்டிருக்காங்க,” என்றான் ஹார்லன்.

எல்லோரும் லவோனைப் பார்த்தார்கள். ஆர்விலும் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தன் முதுகு தெரியாது அல்லவா, என்ன வரைந்திருக்கிறது என்று தெரியாது.

அவளுக்கு இரண்டே வழி. என் கை என்று சொன்னால், அழுக்குக் கையுறையைக் கூட்டாளியின் உடைக்குள் விட்டவள் ஆகிறாள். மன்னிப்பே கிடையாது, அன்றோடு கூட்டாளி வேலை போயிற்று. என் கை இல்லை என்று சொன்னால்... அப்புறம் யார் கை என்று ஆர்வில் கேட்பான். கேட்க வேண்டியதுகூட இல்லை. தெரிந்துகொள்வான்.

“என் கைதான்,” என்றாள்.

ஹார்லன் அவள் கையைப் பார்த்தான். சின்னக் கை, லவோனுக்குக் குழந்தைக் கை. “உன் கை இவ்வளவு பெரிசு இல்லையே, லவோன்.”

“கையுறை மேல கையுறை. பெரிசாத்தான் தெரியும். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டான். பனியனைக் கத்தரித்துப் பையில் போட்டார்கள். கீழே தோல் சுத்தமாக இருந்தது. அவளுக்கு மறுநாளே மாற்றல், உடைகளைத் துவைக்கிற இடத்துக்கு. ஆர்விலுக்கு வேறு ஒரு கூட்டாளி வந்தான்.

“அப்புறம் ஆர்விலுக்கு மறுபடி அந்தப் பயம் வந்துச்சா?” கர்ட் குரல் இப்போது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

வரவில்லை. அதுதான். ஒரு நாள்கூட வரவில்லை. புதுக் கூட்டாளி முதுகில் கை வைக்கப் போனால், வேண்டாம் என்பானாம். நாலு மாதம், அஞ்சு மாதம்... உள்ளே போவான், நிம்மதியாக வேலை பார்ப்பான், வெளியே வருவான். அளவு சுத்தம். வீட்டுக்கு வந்து லவோனோடு சிரித்துப் பேசுவான். அவள் காப்பாற்றினாள் என்று அண்டை வீட்டில் எல்லாம் சொல்லுவான். பொய்யோ மெய்யோ, அவளுக்கு வேண்டியது கிடைத்தது.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி. ஜன்னல் திறந்திருக்கிறது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறான், அமைதியான மூச்சு. லவோனுக்குத் திடீரென்று ஆசை வந்தது. ஒரு தடவை, தானும் வைத்துப் பார்ப்போம் என்று. அவளுடைய படுக்கை, அவளுடைய புருஷன். இருட்டில் கையை நீட்டி, மெதுவாக, நடு முதுகில் வைத்தாள்.

முதுகு தட்டுப்படவில்லை. விரல் முட்டி தட்டுப்பட்டது. ஒரு பெரிய புறங்கை. சில்லென்று.

அது நகர்ந்து இடம் விடவில்லை.