வாசலைப் பார்த்து நின்றவர்

தலைமை வகிக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஜனாப் சீனிமுகம்மது அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உலமாக்களே, ஆசிரியப் பெருமக்களே, மறைந்த பெரியவரின் மகள் ஆதிலா அவர்களே, கல்முனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வந்து ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருக்கும் மக்களே!

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல என்னைப் பழக்கியவர் அபுல் ஹஸன் லெப்பை அவர்கள். இன்று அவர் இல்லை. பழக்கம் இருக்கிறது.

எனக்குப் பேச்சு வராது. நான் பாண்டிருப்புக்காரன், ஆசுபத்திரியில் டொக்டராக வேலை செய்கிறவன். எங்கள் ஆசுபத்திரியின் பின்பக்கத்தில், மருந்துக் களஞ்சியத்துக்கு அப்பால், ஓர் அறை இருக்கிறது. மனம் நொந்தவர்களை அங்கே புதன்கிழமைகளில் பார்க்கிறோம். அந்த அறைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் வாசிப்பதில்லை. ஊர் அதற்கு வைத்த பெயர் புதன்கிழமை. "அவனா? அவன் புதன்கிழமைக்காரன்" என்று ஒருவரைச் சொன்னால், அதற்குப் பிறகு அவருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அவருடைய தங்கையைப் பெண் கேட்டும் வரமாட்டார்கள். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த அறையின் பக்கம் நீங்கள் வருவதில்லை.

நான் வந்த புதிதில் அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, நான். வெளியே ஒரு மரவாங்கு. அதில் யாரும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் நடந்தவற்றுக்குப் பிறகு இந்தக் கரையில் மனம் நொந்தவர்களே இல்லையா? எல்லோரும் நன்றாக நித்திரை கொண்டார்களா? காணாமல் போனவர்களின் வீடுகளில், எரிந்த கடைகளின் சொந்தக்காரர் வீடுகளில், யாருக்கும் ஒன்றும் இல்லையா?

இருந்தது. பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்தவரைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

அபுல் ஹஸன் லெப்பை அவர்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களில் பாதிப்பேர் அவரிடம் குர்ஆன் ஓதிப் படித்தவர்கள். காய்ச்சல் என்றாலும், குழந்தை வீரிட்டு அழுதாலும், மாடு பால் தராவிட்டாலும், முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவீர்கள். தண்ணீர் ஓதித் தருவார். சில வேளைகளில் ஓதாமலே, "இது ஆசுபத்திரிக் காய்ச்சல், அங்க கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு புதன்கிழமை அவர் ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பின்னால் அந்த மனிதரின் மனைவி சல்மா உம்மா வந்தார். அந்த மனிதரின் பெயரை நான் இங்கே சொல்லப்போகிறேன். என் தொழிலில் பெயர் சொல்லக் கூடாது. நேற்று அவரிடம் கேட்டேன். பெயரை மறைத்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னார்:

"பேரச் சொல்லுங்க டொக்டர். பேர் சொல்லாட்டி, லெப்பையப் பத்தின கட்டுக்கதை எண்டுதான் நினைப்பாங்க."

அவர் பெயர் அச்சிமுகம்மது. சாகாமக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

திரும்பிப் பார்க்காதீர்கள். அவருக்கு அது பிடிக்காது.

தொண்ணூறாம் ஆண்டு அவர் பள்ளிவாசலில் ஒரு வரிசையில் தொழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. நெற்றி நிலத்தில் இருந்த நேரம் பின்னாலிருந்து துப்பாக்கிகளோடு வந்தார்கள். தம்பி எழும்பவில்லை. இவர் எழும்பினார். வந்தவர்கள் கதைத்தது என்னுடைய தமிழ்.

அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். நானும் இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நித்திரை இல்லை. வயலுக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் விட, அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. வீட்டிலும் தொழவில்லை. ஊர் பல விதமாகக் கதைத்தது. ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். ஈமான் போய்விட்டது, இறைநம்பிக்கை இல்லை என்றார்கள். சல்மா உம்மா அவரை எங்கெங்கோ கூட்டிப் போனார். நூல் கட்டினார்கள். புகை போட்டார்கள். அடித்த இடமும் உண்டு.

கடைசியில் அபுல் ஹஸன் லெப்பையிடம் வந்தார்கள். அவர் என்னிடம் கூட்டி வந்தார். இரண்டு ஊருக்கும், முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும், நடுவில் அந்த நாட்களில் எப்படிப்பட்ட அமைதி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில், பாண்டிருப்பு டொக்டரிடம்.

அச்சிமுகம்மது அறைக்குள் வந்தார். நோயாளிக்கான கதிரை வாசலுக்கு முதுகு காட்டி இருந்தது. அவர் அதை இழுத்துத் திருப்பினார். சுவரோடு சேர்த்துப் போட்டார். வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். நான் கேட்டதற்கெல்லாம் வாசலைப் பார்த்தே பதில் சொன்னார்.

அவர் போனதும் லெப்பை அவர்கள் என்னிடம் கேட்டார்கள், அவர் ஏன் கதிரையைத் திருப்பினார் என்று. வாசல் முதுகுக்குப் பின்னால் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்றேன். லெப்பை அவர்கள் அந்தக் கதிரையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்:

"அப்ப அவர் தொழுகைய விடல்ல, தம்பி. வாசலத்தான் விட ஏலாம இரிக்கார்."

சபையோரே, நான் பல்கலைக்கழகத்தில் படித்தது என்னைப் பாதித் தூரம் கொண்டுபோனது. மீதித் தூரத்தை அவர் நடந்தார். இருவருக்கும் மற்றவர் தேவைப்பட்டது. நித்திரைக்கு நான் குளிசை எழுதினேன். மூன்றாம் வாரம் அச்சிமுகம்மது நித்திரை கொண்டார். ஆனால் தொழவில்லை. நான் அதை லெப்பையிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

"குளிசை நித்திரைக்கு. ஸுஜூதுக்கு, நெத்திய நிலத்துல வெக்கிறதுக்கு, நான் பாக்கன்."

என்ன பார்த்தார்?

அவர் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். பிழை இருந்தால் மேடையிலுள்ள உலமாக்கள் திருத்த வேண்டும். போர்க்காலத்துக்கென்று மார்க்கத்தில் ஒரு தொழுகை சொல்லப்பட்டிருக்கிறதாம். ஒரு சாரார் தொழும்போது மற்றச் சாரார் காவல் நிற்பார்கள். பிறகு மாறிக்கொள்வார்கள்.

"பயத்துக்கும் ஒரு தொழுகை இரிக்கி, டொக்டர் தம்பி. பயந்தவன் தொழ ஏலாதெண்டு அல்லாஹ் சொல்லல்ல. காவல் வெச்சித் தொழச் சொல்லியிரிக்கான்."

இதை அவர் என் அறையில் வைத்துச் சொன்னார். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

மறுநாள் அவர் அச்சிமுகம்மதுவின் வீட்டுக்குப் போனார். நீங்கள் கடைசி வரிசையில் தொழுங்கள், நான் வாசலைப் பார்த்து நிற்கிறேன், நீங்கள் முடித்த பிறகு நான் தொழுகிறேன் என்றார். அச்சிமுகம்மது நம்பவில்லை. லெப்பை, நீங்கள் கண்ணை மூடிவிடுவீர்கள் என்றாராம். மூட மாட்டேன் என்று லெப்பை சொன்னாராம். யாராவது வந்தால்? வந்தால் முதலில் நான்தான் நிற்கிறேன் என்றாராம்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு அவர்கள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள்.

நடந்ததைப் பலர் பார்த்தீர்கள். எல்லோரும் கிப்லாத் திசையைப் பார்த்து நிற்க, வெள்ளைத் தொப்பியோடு ஒரு வயதான மனிதர் மட்டும் எதிர்த் திசையைப் பார்த்து, வாசலில், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். ஒரு லெப்பை! தொழுகை நடக்கும்போது! அது சாதாரணமாகப் போய்விடுமா? பெரிய பிரச்சினை ஆனது.

நம் தலைவர் அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். இதை இங்கே சொல்லும்படி அவரே என்னிடம் கூறினார். பலபேர் முன்னிலையில் அவர் கேட்டது இது:

"லெப்பை, கிப்லாவுக்கு முதுகக் காட்டிக்கு நிக்கிற என்ன பழக்கம்? புள்ளைகள் பாத்துக்கு இரிக்கிதுகள்."

அபுல் ஹஸன் லெப்பை அவர்கள் குரலை உயர்த்தவில்லை.

"நான் கிப்லாவுக்கு முதுகு காட்டல்ல, தலைவர். அச்சிமுகம்மதுட முதுகுக்கு என்ட முதுகக் குடுத்திரிக்கன்."

 அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வாசலில் லெப்பைக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. போட்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. லெப்பை அதில் உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தால் நித்திரை வந்துவிடும் என்றாராம்.

முதல் நாள் அச்சிமுகம்மதுவின் நெற்றி நிலத்தைத் தொட்டதோ இல்லையோ தெரியாது. பிறகு தொட்டது. பிறகு தங்கியது. இதில் அற்புதம் எதுவும் இல்லை. மெதுவாக நடந்தது. சில வாரங்கள் பின்னுக்கும் போனது. தொண்ணூறில் பறிபோன அவருடைய வயல் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அதற்கு என்னிடம் குளிசை இல்லை. ஆனால் அவர் தொழுதார். தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியோடு சண்டை பிடித்தார். சல்மா உம்மா அதைச் சந்தோஷமாக வந்து சொன்னார். "கறிக்கு உப்பில்லயாம் டொக்டர்!" அத்தனை வருடமும் அவர் உப்பைக் கவனித்ததே இல்லை.

அதற்குப் பிறகு லெப்பை அவர்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் என் அறைக்கு வெளியே உள்ள மரவாங்கில் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா. தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு. யாராவது பார்த்தால், லெப்பையிடம் ஓத வந்தேன் என்று சொல்லலாம். உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டும் போகலாம். வாங்கு நிறையத் தொடங்கியது.

பாண்டிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனைக் கூட்டிப் போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அவர் வாங்கின் மறுநுனியில், பாதி உடம்பு வெளியே இருக்க உட்கார்ந்தார். லெப்பை அவர்கள் தன் பக்கத்தில் இருந்த நிழலைக் காட்டிச் சொன்னார்: "தங்கச்சி, வெயில் படுது. இஞ்சால வாங்க." அந்த அம்மா அன்று நகரவில்லை. பிறகொரு புதன் நகர்ந்தார். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு மூடியிருந்தது. சில வேளை அழுகைச் சத்தம் கேட்கும். இரண்டு குரல்களில்.

ஒருநாள் சந்தையில் ஒருவர் அவரைச் சீண்டினார். "என்ன லெப்பை, நீங்களும் புதன்கிழமைக்காரனா?"

"ஓம்," என்றார் லெப்பை. "நல்ல காத்து வருது. நீங்களும் ஒரு நாளைக்கு வாங்களன், இடம் பிடிச்சி வெக்கன்."

கேட்டவர் சிரித்தார். பிறகு வந்தார்.

அதைப் பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா? நான் கேட்டதில்லை. தொண்ணூறில் அவரும் இந்த ஊரில்தான் இருந்தார். எத்தனை பேரை அவர் அடக்கம் செய்தார்? எத்தனை தாய்மாருக்குச் செய்தி சொன்னார்? அவருடைய முதுகுக்குப் பின்னால் யார் நின்றார்கள்?

இந்தக் கேள்வி எனக்குப் பிந்தித்தான் வந்தது. அவர் வார்டில் படுத்திருந்த நாட்களில். இதயம் பலவீனமாகிவிட்டது. அது என் பிரிவு அல்ல, ஆனாலும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஆதிலா அவர்கள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். லெப்பை அவர்கள் தன் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்:

"வெள்ளிக்கிழம வாசல்ல ஆரு நிக்கிற, தம்பி?"

 அச்சிமுகம்மது மறுபடியும் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். குளிசையையும் நிறுத்தியிருந்தார். நான் அதை லெப்பையிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்ற திங்கட்கிழமை அவர் காலமானார்.

அன்று அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை, அடக்கம். பாண்டிருப்பிலிருந்து நாங்கள் சிலர் போயிருந்தோம். பள்ளிக்கு வெளியே, படிக்கட்டின் கீழ் நின்றோம். அஸர் தொழுகைக்கு எல்லோரும் உள்ளே போனார்கள். அச்சிமுகம்மதுவும் வந்திருந்தார். லெப்பைக்காக வந்தார். கடைசி வரிசை வரை போனார். வாசலைப் பார்த்தார். அங்கே கதிரை இருந்தது. ஆள் இல்லை. அவர் திரும்பி வெளியே வந்தார்.

போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் படியில் இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"டொக்டர். இந்தப் படியில ஏறி நில்லுங்க. றோட்டப் பாத்துக்கு நில்லுங்க."

"நானா?" என்று கேட்டேன்.

"ஓம். நீங்கதான்."

நான் ஏறி நின்றேன். அவர் உள்ளே போனார்.

என் முன்னால் தெரு. ஒரு சைக்கிள் போனது. ஒரு மாடு போனது. ஓர் இராணுவ ஜீப் மெதுவாகப் போனது, அதுவும் போய்விட்டது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை குனிகிற சத்தம். துணிகள் உரசுகிற சத்தம். பிறகு எல்லா நெற்றிகளும் நிலத்தில் இருக்கும்போது வருகிற அந்த அமைதி. அதில் ஒரு நெற்றி அவருடையது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அவருடைய தம்பியைக் கொன்றவர்கள் கதைத்த தமிழை வீட்டில் கதைக்கிறவன் நான். என்னிடம்தான் அவர் தன் முதுகைத் தந்தார்.

தொழுகை முடிந்து அவர் வெளியே வந்தார். "சரி" என்றார். அதன் பிறகு ஜனாஸாத் தொழுகை. அதில் குனிவதும் இல்லை, நெற்றி வைப்பதும் இல்லையாம். எல்லோரும் நின்றபடியே தொழுதார்கள். அதற்குக் காவல் தேவைப்படவில்லை. அச்சிமுகம்மது முன் வரிசையில் நின்றார்.

சபையோரே, அபுல் ஹஸன் லெப்பை அவர்களுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? கட்டடத்துக்குப் பெயர் வைக்கலாம். அவர் அதற்குச் சிரிப்பார். அவர் கேட்டுவிட்டுப் போனது ஒரு கேள்வி. அதற்கு நாம் பதில் வைக்க வேண்டும்.

புதன்கிழமை அறை திறந்திருக்கும். வெளியே உள்ள வாங்கில் இந்தப் புதன் முதல் தலைவர் சீனிமுகம்மது அவர்கள் வந்து உட்காருவார்கள். அவரே சொன்னார். அவருக்குப் பக்கத்தில் அச்சிமுகம்மது உட்காருவார். யாராவது கேட்டால் ஓத வந்ததாகச் சொல்ல மாட்டாராம். மருந்தெடுக்க வந்தேன் என்று சொல்வாராம். அந்த வாங்கில் இன்னும் இடம் இருக்கிறது. நிழல் பக்கம் உங்களுக்கு.

பள்ளியின் வாசலில் காவல் நிற்க ஆட்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு ஓதத் தெரியாது. நிற்கத் தெரியும். இந்தச் சபைக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு அதுதான்.

எல்லாம் வல்லவன் அந்தப் பெரியவரின் மண்ணறையை விசாலமாக்கட்டும்.

இன்னும் சற்று நேரத்தில் மஃரிபுக்கு, மாலைத் தொழுகைக்கு, பாங்கு சொல்லி அழைப்பார்கள். பள்ளிக்கு நான் முன்னால் போகிறேன்.

அச்சிமுகம்மது அவர்களே, வாசலில் ஆள் இருக்கிறது. நீங்கள் தொழுங்கள்.