பாதி வெளியே வந்த சாமி

— கையை எடுங்கக்கா. தேய்க்கத் தேய்க்கப் பரவுது பாருங்க.

— மஞ்சத்தூளுதானுங்க தம்பி. கோயில்ல குடுத்தது. சுத்தமானது.

— இது பளிங்குக்கல்லு. மஞ்சளைக் குடிச்சிருச்சுன்னா அப்புறம் போகவே போகாது.

— குடிக்கட்டுமுங்க. எத்தன நாளாப் பட்டினியோ.

— அக்கா, இது சாமி இல்லீங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி, கடலுக்கு அக்கட்டால எவனோ செதுக்குனது. பாதியில உட்டுட்டுப் போயிட்டான். போர்டுல எழுதியிருக்குது.

— போர்டு எழுதுனவுங்களுக்கு என்னங்க தெரியும். தானா வந்துட்டிருக்குது. மூக்கு வந்துருச்சு, ஒரு தோளு வந்துருச்சு. வாயும் காலும் இன்னும் கல்லுக்குள்ள. எங்க தோட்டத்துல இப்பிடித்தான் ஒண்ணு மொளச்சுது. வருசாவருசம் பொங்கல் வெக்கறோம்.

— அது உங்க தோட்டம். இது கவர்மெண்ட்டு மியூசியம்.

— கவர்மெண்ட்டுன்னா சாமி வராதுங்களா?

— குறுக்க கயிறு கட்டியிருக்குதே, அதையாவது பாத்தீங்களா?

— பாத்தனுங்க. சன்னதின்னா கயிறு இருக்குந்தான. குனிஞ்சு போனேன்.

— அப்ப நான் எங்க இருந்தேன்?

— டீ குடிக்கப் போனீங்க. நீங்க போகட்டும்னுதான் அந்த வாள் அலமாரிக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன்.

— அதைச் சத்தமாச் சொல்லாதீங்க. எந்த ஊரு நீங்க?

— எருத்தேன்பதிங்க. மயிலாத்தாள்னு பேரு.

— நான் வடகரப்பதி. பொங்கியண்ணன். நம்ம பக்கத்து ஆளே எம் பொழப்புல மஞ்சத் தேய்க்கலாமா?

— அட, நம்ம பக்கமுங்களா. அப்ப ஒண்ணும் ஆகாதுங்க.

— ஆகும்க்கா. எங்க ஆபீசர் லிஜி மேடம் அடுத்த ரூமுக்கு வந்துட்டாங்க. நான் டெம்பரவரி வாச்சர். இதைப் பாத்தா இன்னைக்கே தொப்பியக் கழட்டி வாங்கிருவாங்க.

— நாஞ் சொல்றனுங்க அவுங்ககிட்ட.

— வேண்டாம். நீங்க சொன்னா இன்னும் வெரசா அனுப்பிருவாங்க.

— அப்பத் தண்ணி ஊத்திக் களுவீரலாமுங்க. இந்தாங்க.

— ஊத்தாதீங்க. ஊத்தீட்டீங்களா.

— மஞ்சத் தண்ணி களுத்து முட்டும் எறங்கிருச்சுங்க. லட்சணமாத்தான் இருக்குது.

— அப்பிடி என்னக்கா தலைபோற வேண்டுதல்?

— எம் பையன் நவீனுக்கு வேலைங்க. இன்டர்வியூவெல்லாம் முடிஞ்சுது. இருக்கற ஆளு போனா அடுத்தது அவந்தானாமுங்க.

— எங்க?

— இங்கதானுங்க. வாச்சர் வேலை.