பட்டனுக்கு வைத்த துணி

எனக்கு நாய் பிடிக்காது என்று எங்கள் தெருவில் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள் மேடம். பட்டனை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதன் தட்டைக் கழுவி வைத்ததும், பால் ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்ததும் நான்தான். சட்டைப் பொத்தானை ஒட்டவைத்த மாதிரி மூக்கு. அதனால்தான் அந்தப் பெயர்.

அதைக் கொண்டுவந்தது என் தம்பி பெண்டாட்டி. மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கைப்பைக்குள் குட்டி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். உடம்பெல்லாம் கிரீஸோடு வந்தவன், குளிக்கக்கூடப் போகாமல் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் வாசல் அறையில் தையல் மெஷினில் இருந்தேன். அவன் வீட்டுக்குள் வந்தால் முதலில் என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவான். அன்றைக்கு ஸ்டூல் காலியாகவே இருந்தது. சின்ன விஷயம்தான், சொல்லி வைக்கிறேன்.

குட்டி வந்த புதிதில் கண்ட இடத்திலெல்லாம் ஒன்றுக்குப் போனது. அவள் அலுத்துக்கொள்ளவே மாட்டாள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். குழாயடி மண்ணில் இறக்கிவிட்டுப் பேசாமல் நிற்பாள். அது போனதும் ஒரு துண்டு பிஸ்கட், ‘சமத்து’ என்று ஒரு கொஞ்சல். பகலில் அதைக் கொண்டுபோவது என் பொறுப்பு. அடியாத மாடு படியாது என்று நான் ஒருமுறை சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அடிச்சா பயத்தைத்தான் கத்துக்கும் அக்கா. இடத்தை மூக்குதான் கத்துக்கணும்.”

வீட்டுக்குள் நனைத்தால் ஒரு பழைய துணியில் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் குழாயடியில் வைத்துவிடுவாள். அந்த வாசனையைத் தேடி அடுத்த தடவை குட்டி அங்கேயே போகும். கெட்டிக்காரிதான். அதை மறுக்கமாட்டேன். கொஞ்ச நாளில் பட்டன் தானாகவே கொல்லைக் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் கொல்லையில் அவர்கள் இரண்டு பேரும் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய கடைக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாகிறதாம். வீட்டுக்காரருக்கு நாய் இருந்தால் ஆட்சேபணை இல்லை, ஆனால் வெளியே போகப் பழகிய நாயாக இருக்க வேண்டுமாம். “பட்டன் இப்படியே இருந்தா அடுத்த மாசம் போயிடலாம். அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள். தம்பி, “பார்க்கலாம்” என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். முடிவெடுத்துவிட்ட பிறகு அவன் பேசுகிற குரல்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு என் தம்பியைத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அப்பா வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். தாய்க்குத் தாயாக நின்றது நான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினேன். நல்ல பிள்ளைதான், ஆனால் பெரிய பையனான பிறகும் படுக்கையை நனைப்பான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அப்படி ஆகிவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நனைந்த விரிப்பைத் தலையில் போர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம் பார்த்து வாசலில் நிற்க வைப்பேன். தையல் அளவுகோலால் உள்ளங்காலில் அடிப்பேன். அங்கே அடித்தால் வெளியே தெரியாது. கடைசியில் ஒரே ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியின் நுனியைத் தொடையில் வைத்தேன். நுனி மட்டும்தான். அதோடு நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய ஆளான பிறகும் மூத்திர வாடை பட்டால் அவன் முகம் மாறிவிடும். மூச்சு வேகமாகும், காது கேட்காது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பெண்டாட்டியிடம் இதையெல்லாம் எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

ஆகவே நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. குழாயடியில் இருந்த துணியை எடுத்து உள்ளே வைத்தேன்.

முதலில் அவர்கள் அறை மிதியடிக்கு அடியில். குட்டி வாசனையை நம்பியது, பாவம், அங்கேயே போனது. தம்பி அதைத் தட்டினான், அவ்வளவுதான். பிறகு குட்டி நனைத்ததைத் துணியில் ஒற்றி, அவன் வேலைக்குப் போடுகிற ஷூவுக்குள் நானே பிழிந்துவிட்டேன். அன்றைக்கு அவன் உதைத்ததில் குட்டி போய்ச் சுவரில் மோதியது. கொஞ்ச நாள் மூன்று காலில்தான் நடந்தது. இன்னொரு நாள் அதன் மூக்கைத் தரையில் வைத்துத் தேய்த்தான். ரத்தம் வந்தது. அவள் குறுக்கே கை வைத்தாள். கையை முறுக்கிவிட்டான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான்தான் தைலம் தேய்த்துக் கட்டுப்போட்டேன். “இப்படி அவரை நான் பார்த்ததே இல்லை அக்கா” என்று அழுதாள். “அவன் அப்படித்தான்மா, என்கூட இருந்தா சரியாயிடுவான்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடித்து முடித்ததும் அவனுக்கு வெட்கம் வந்துவிடும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்காருவான். நான் தைத்துக்கொண்டிருப்பேன். நூல் அறுந்தால் கோத்துக் கொடுப்பான், சின்ன வயதில் மாதிரி. வீடு மாற்றும் பேச்சு நின்றுபோனது. அந்த நாட்கள் நன்றாக இருந்தன மேடம். பொய் சொல்வானேன்.

ஆனால் அவள் விடுகிறவளாக இல்லை. அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றாள். மனதுக்குப் பார்க்கிற டாக்டர். அவனும் தலையை ஆட்டினான். அங்கே போனால் என்னென்ன கேட்பார்கள், அவன் யாரைப் பற்றியெல்லாம் பேச வேண்டி வரும் என்று நினைத்துப் பார்த்தேன். வளர்த்தவளை அந்நியர் முன்னால் வைத்துப் பேசுவது நன்றாக இருக்காது.

அதனால் இந்தத் தடவை துணியை அவன் தலையணையில் பிழிந்தேன். படுக்கையிலும் கொஞ்சம். பிறகு தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். குட்டி தன் பெட்டியில் தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் லீவு போட்டு வந்து, அதை ஊசி போடத் தூக்கிப் போயிருந்தது எனக்குத் தெரியாது. அது ஒன்றுதான் என் கணக்கில் தப்பியது.

நான் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். அறைக்குள் போனான். வெளியே வந்தபோது அவன் முகம் பெரிய ஆளின் முகமாக இல்லை. குட்டி எங்கே என்றான். அந்த நேரம் பார்த்து அவள் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நுழைந்தாள். என் மேஜை மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது. பழைய கரிப்பெட்டி, நல்ல கனம். கைக்கு எட்டியது அதுதான்.

“மதியத்திலேருந்து பட்டன் வீட்டிலயே இல்லைங்க” என்றாள் அவள்.

அவனுக்குக் கேட்கவில்லை. குட்டியைக் குறிவைத்துத்தான் ஓங்கினான். அவள் திரும்பி முதுகைக் காட்டினாள். பின்தலையில் விழுந்தது. இரண்டாவது அடியும் விழுந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். பெட்டி கீழே விழுந்தது. “வண்டி கொண்டு வரேன் அக்கா, பார்த்துக்கோ” என்று ஓடினான். அவளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். குட்டி மெஷினுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு பயத்தில் நிஜமாகவே நனைத்துவிட்டது. அதைத்தான் முதலில் துடைத்தேன். கை பழகிவிட்டது.

அவளுக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. பிழைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையல்ல, என் கையில் இருந்த துணியை.

“நீங்கதானா அக்கா?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கொல்லைக் கதவைப் பூட்டியது நீங்களா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். சாகப்போகிறவளிடம் பொய் எதற்கு? அவள் சாகப்போகிறாள் என்பது அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் முகத்தின் மேல் வைத்து முழங்காலை ஊன்றிக்கொண்டேன். என் கையைப் பிடித்தாள், கட்டுப்போட்ட கையால். அதில் அவ்வளவு பலம் இல்லை. வண்டிச் சத்தம் கேட்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தலையணையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தம்பி தான்தான் கொன்றதாக உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். அடித்தது அவன்தானே, ஆத்திரத்தில் ஆண்பிள்ளைகள் அடிப்பதுதான், சில வருஷத்தில் வந்துவிடுவான், சோறு போட நான் இருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நேற்று உங்கள் கான்ஸ்டபிள் வந்து, மூக்கில் பஞ்சு இழை இருந்தது, மூச்சை அடைத்துத்தான் உயிர் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பதாகச் சொன்னார். அதையும் தம்பிதான் செய்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்களாம். அவனும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டானாம்.

அதனால்தான் காலையில் எழுந்து குளித்து நேரே உங்களிடம் வந்தேன். அடிபட்டுக் கிடக்கிற ஒரு பெண்ணின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்துவதற்கு எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்? அவன் அப்படிப்பட்டவன் இல்லை மேடம். அவன் நான் வளர்த்த பிள்ளை.