முன்னாடி பொத்தான் வேண்டாம்

ஐயையோ, முன்னாடி பொத்தானே வேண்டாம்க்கா! போன தடவ நீங்க ஆசையா வரிசையா வெச்சுத் தைச்சுக் குடுத்தீங்களே, பாட்டு நடுவுல என் அக்கார்டியன் பெட்டியோட துருத்தி பொத்தான் ஒண்ணைக் கவ்விப் பிச்சிடுச்சு. அது தெறிச்சு நேரா பாட்டுக்காரி வாய்க்குள்ள! நல்லவேளை, துப்பிட்டா. இன்னொரு தடவ தெறிக்க விடுங்கன்னு கூட்டத்துல ஒரே கத்தல்.

நீங்க பேசாதீங்க, வாய்ல குண்டூசி இருக்கு. சிரிக்கவும் கூடாது. அளவெடுங்க, நான் பேசறேன்.

இடது தோள் தாராளமா இருக்கட்டும். துருத்திய இழுக்கறது அந்தக் கைதானே. நல்லா இழுத்தா முழங்கை போய் வயலின்காரர் விலாவுல இடிக்கும். தள்ளி நில்லுங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். மனுஷன் நகர மாட்டேங்கறார்!

மொத மொத சேர்ந்து வாசிச்சப்ப பெரிய கூத்துக்கா. நான் ஒரு சுருதியில ஆரம்பிச்சேன், அவர் வேற சுருதியில. நீங்கதான் மாத்தணும், என் பெட்டியில முறுக்கறதுக்குக் கம்பியா இருக்குன்னேன். முறைச்சார். பாட்டு முடியறவரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. டிரம்ஸ்காரர் குச்சியப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார்! மறுநாள் வயலின்காரரே என் சுருதிக்குக் கம்பிய முறுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னார். இன்னிக்கு வரைக்கும் அதே சுருதி, அதே இடம்.

சனிக்கிழமைக்குள்ள வேணும்க்கா. அன்னிக்குதான் எங்களோட அவருக்குக் கடைசிக் கச்சேரி. கப்பல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்களாம். போகட்டுமே, எனக்கென்னன்னு சொல்லிப் பாத்தேன். முடியலக்கா, நேரா துணிக்கடைக்குப் போயிட்டேன்.

இந்தாங்க, இதே துணியில ஒரு ஆம்பளச் சட்டையும் தைக்கணும். அளவுச் சட்டையா? அதெல்லாம் எதுக்கு? என்னைவிட ஒரு சாண் உயரம். விலா எங்க இருக்குன்னு என் முழங்கைக்கே தெரியும்.

சேச்சே, வழியனுப்பற பரிசெல்லாம் இல்ல. கல்யாணச் சட்டை. எனக்கும் அவருக்கும்தான். ஐயோ, ஊசிய முழுங்கிடாதீங்க!

என்னிக்கா? அவருக்கே இன்னும் தெரியாதுக்கா. சனிக்கிழமை கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மேடையிலயே கேக்கப்போறேன், பெட்டியக் கழட்டாம. கழட்டினா அப்படியே இறங்கி ஓடிடுவேன்.

ஆங், மறந்தே போச்சு. அவர் சட்டையிலயும் முன்னாடி பொத்தான் வேண்டாம். வயலின்காரருக்கு அது எதுக்குங்கறீங்களா? மாட்டேன்னுட்டார்னா அதையும் நான்தானேக்கா போட்டுக்கிட்டு வாசிக்கணும்.