திரைக்குப் பின்னால் சொன்னது

— கத்தாதே கபாலி. வெளியில ஜனங்க காத்திருக்காங்க.

— இருக்கட்டும் டாக்டரே. ராஜநாயகம் டாக்டரு நல்லவருன்னு சாந்தோம் பூராவும் சொல்லுதேன்னு உன்னாண்ட வந்தேன் பாரு. போன வாரம் இருமல்னு சம்சாரம், கைக்கொழந்தையோட வந்தேனா? என் நெஞ்சுல கொழாய வெச்சே. வாயத் தொறந்தியா? என்னை வெளிய போவச் சொல்லிட்டு, அவளைத் திரைக்குப் பின்னால கூட்டிக்கினு போய்ப் பேசினே. கண்ணத் தொடச்சிக்கினு வந்தா. இன்னா சொன்னே?

— அது உனக்கு வேண்டாம். மருந்து குடுத்தேனே, சாப்பிட்டியா?

— சாக்கடைல ஊத்திட்டேன். எனுக்கு சயரோகம். அவளாண்ட சொன்னே, என்னாண்ட மறைச்சிட்டே.

— யார் சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லாததாலதான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து தனியாப் படுக்கிறா. தட்டு, லோட்டா எல்லாம் தனி. கேட்டா அழுவுறா. போன வருசம் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்ணமே ஓடிச்சே, அப்பகூட லஸ் முனைலேர்ந்து என் ஜட்கா வண்டி நவரல. இப்ப பயம்மாக்கீது டாக்டரே. குதிரைக்குப் புல்லு போடக்கூட கை வரல.

— உன்னை மாதிரி முரடன்கிட்ட என்னத்தப் பேசறது? இதோ, மேசையத் தட்டறே.

— நாலு வார்த்தை சொல்லியிருந்தா ஏன் தட்டப்போறேன்? சாவப்போறேன்னு சொல்லியிருந்தாகூட ரெண்டு நாள் அழுதுட்டு வண்டிய ஓட்டியிருப்பேன். நீயும் பேசல, அவளும் பேசல. அந்த ஆத்திரத்துல அவளைப் போட்டு அடிச்சேன்.

— காமாட்சியையா அடிச்சே?

— ஒரு வார்த்தை பேசல அவ. அதுதான் இன்னும் வவுத்தெரிச்சல்.

— முட்டாள். உட்காரு. உனக்கு ஒண்ணுமில்ல. அது வெறும் தூசி இருமல்.

— அப்போ திரைக்குப் பின்னால?

— நோய் அவளுக்கு. அன்னிக்கு அவளும் இருமினா, சோதிச்சுப் பார்த்தேன். உன்கிட்ட சொன்னா நீ துரத்திடுவேன்னு என் காலைப் பிடிச்சா. நானும் சரின்னுட்டேன். தனியாப் படு, தனித்தட்டு வெச்சுக்கோ, கைக்குழந்தையத் தூக்காதே, பால் குடுக்காதேன்னு சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசாதான் ஆட்டுப்பால் குடுத்துப் பார்த்துக்கறாங்களாம். ஏன்பா அப்படிப் பார்க்கறே?

— என் நோவு புள்ளைக்கும் ஒட்டியிருக்கும்னு அவ அதைத் தொடவே அருவருக்கிறான்னு நெனச்சேன் சார். நாலு நாளா ஜமீலுன்னிசாவ வாசப்படி ஏற வுடல. வேளாவேளைக்கு காமாட்சி கையை முறுக்கி, நானே எதிர்ல குந்திக்கினு புள்ளைக்குத் தாய்ப்பால் குடுக்க வெக்கிறேன்.