வியாழக்கிழமைக் காய்ச்சல்

"வியாழக்கிழமை என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

கிட்வாய் நகரில் பஸ் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். இதைச் சொன்னவரின் மடியில், யூனிஃபார்ம் போட்ட எட்டு வயது மகள்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வெளிநாட்டு ஸ்கூல்லேர்ந்து ரெண்டு டீச்சர் வந்திருக்காங்கல்ல? அவங்களை வரவழைக்கப் பணம் சேர்க்கத்தான் போன மாசம் ஸ்கூல்ல மேளா வெச்சாங்க. விடியகாலைல எழுந்து முந்நூறு வடை சுட்டுக் குடுத்தேன். இப்ப கிளாஸ் மேடம் கூப்பிட்டு, இவளுக்கு இங்கிலீஷ் சரியா வரலையாம், அந்த ரெண்டு பேரும் கிளாஸைப் பார்க்க வர்ற அன்னிக்குக் காய்ச்சல்னு லீவ் லெட்டர் குடுங்கன்னாங்க."

"குடுத்தீங்களா?"

"குடுக்கலை. நேத்து வியாழக்கிழமை இவளை ஸ்கூலுக்கு அனுப்பிவெச்சேன். நல்லா இருக்கற பிள்ளையை நாள் பூரா சிக் ரூம்ல படுக்க வெச்சிருக்காங்க."

சிறுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிரின்சிபல்கிட்ட சொல்லாதீங்கக்கா. அப்புறம் இவளைத்தான் பாடாப்படுத்துவாங்க."

"அவர்கிட்ட எதுக்கு? அந்த ரெண்டு டீச்சரும் இன்னிக்குப் பத்து மணிக்குக் கிளம்பறாங்க. கேட்லயே நின்னு அவங்ககிட்டதான் சொல்லப்போறேன்."

"உங்களுக்கு இங்கிலீஷ் வராதே."

"இந்தில சொல்றேன்."

"அவங்களுக்கு இந்தி புரியாதேக்கா."

பஸ் நின்றது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"அவங்களை வழியனுப்ப கிளாஸ் மேடம் பக்கத்துலதான் நிப்பாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்களே இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லட்டும்."