ஏழு மணித் திறப்பு

அவைக்குத் தலைமை தாங்கும் புவனேந்திரன் அவர்களே, முன்வரிசையில் கண்மூடித் தியானத்தில் இருக்கும் பெரியோர்களே, பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை மாட்டி வந்திருக்கும் தாய்மார்களே, கோலியர்ஸ் வுட் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செல்வங்களே, வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்தக் கமலேஸ்வரி, இன்று பத்மநாதன் அண்ணையைப் பாராட்ட வந்திருக்கிறேன். அண்ணை, பயப்பட வேண்டாம். உண்மையை மட்டுந்தான் சொல்வேன். ஓ, அதுதான் பயமோ?

யார் இந்த அண்ணை? நோர்வேயின் வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே, இருபது வருடம் செம்மறி வளர்த்த விவசாயி! ஆடு வளர்த்த கையாலேயே அறிவும் வளர்த்த ஆசிரியர்! பனியில் தடியால் ‘அ’ எழுதுவாராம். செம்மறி மிதித்துவிட்டுப் போகுமாம். பிள்ளைகள் மறுபடி எழுதுவார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வாத்திமார்: ஒருவர் அண்ணை, மற்றது ஆடு!

லண்டன் வந்தவர், எங்கள் பள்ளிக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதிய சபையில் பெற்றோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். அங்கே வந்தது ஒரு விதி: பட்டம் பெற்றவருக்கே வாக்கு! திறப்பு என்கிற பள்ளிச் சாவி இடுப்பில் தொங்க, மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன் நான். வாய் திறந்தேனா? இல்லை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே திறக்கவில்லை!

அண்ணை எழுந்தார். சத்தம் போட்டாரா? இல்லை. சட்டம் பேசினாரா? இல்லை.

“பதினொரு வருசமாய்ச் சனிக்கிழமை விடிய ஏழு மணிக்குப் பள்ளியைத் திறக்கிறது ஆர்?”

“எங்கடை கமலேஸ்வரி” என்றார் புவனேந்திரன்.

“அவவுக்கு வாக்கில்லையெண்டால் திறப்பையும் வாங்குங்கோ. வாற கிழமை ஆர் திறக்கிறது? பட்டம் உள்ளவை கையைத் தூக்குங்கோ பாப்பம்!”

வைத்தியர் கை எழும்பவில்லை. பொறியியலாளர் கை எழும்பவில்லை. விதியை எழுதிய வாசுதேவன் சாரோ, “ஆமா, அதை அடிச்சிடுங்க. சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் எனக்குத் தூக்கம்” என்றார்.

விதி விழுந்தது! வியர்வை வென்றது!

சென்ற ஞாயிறு தேர்தல். பள்ளிச் சபைத் தலைமைக்கு நின்றவர்கள் இருவர்: அண்ணையும் நானும். “உம்மடை முதல் வாக்கு எனக்குத்தானே, தங்கச்சி?” என்றார். “பாப்பம் அண்ணை” என்றேன். போட்டேன், எனக்கே! நாற்பத்தொன்றுக்கு நாற்பது! அவர் வாங்கித் தந்த வாக்கே அவரை வீழ்த்தியது!

தோற்றவர் என்ன செய்தார்? முதல் ஆளாய்க் கைதட்டினார். பிறகு கையை நீட்டினார்: “திறப்பைத் தாரும். தலைவி குளிரிலை நிக்கக் கூடாது. இனி நான் திறக்கிறன்.”

இதோ, உங்கள் எல்லோர் முன்னும் தருகிறேன். பிடியுங்கோ அண்ணை! ஏழு மணி! ஆடு மறித்தது என்று சாட்டுச் சொல்ல ஏலாது!

கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. கதவு திறந்திருக்கும். வணக்கம்!